எச்.ஐ.வி. ஆய்வுக்கு இன்னும் ஏன் மனித ரத்தம் தேவைப்படுகிறது?

எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துகள் 1996 முதலே இருக்கும்போது ஆய்வுக்கூடங்கள் ஏன் இன்னும் தன்னார்வலர்களிடம் ரத்தம் கேட்கின்றன, அந்த ரத்தத்தில் அப்படி என்னதான் பார்க்கிறார்கள், எலியையும் குரங்கையும் வைத்து அதைச் செய்ய முடியாதா, தொற்றே இல்லாத ஒருவர் கொடுக்கும் ரத்தத்தால் என்ன பயன் என்று நான்கு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். நான்குக்கும் அடியில் ஒரே விடைதான் இருக்கிறது. இந்த வைரஸும் அதை எதிர்க்கும் மனித உடலும் நாளுக்கு நாள் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே போகின்றன. அந்த மாற்றத்தை ஒரே மனிதரிடம் திரும்பத் திரும்ப எடுத்த மாதிரிகளில் மட்டுமே முழுதாகப் பார்க்க முடியும். ஆயிரம் பேர் ஒருமுறை வந்து கொடுத்த ரத்தத்தைவிட, ஐம்பது பேர் ஐந்தாண்டுகள் விடாமல் வந்து கொடுத்த ரத்தம் இந்தத் துறைக்கு அதிகம் கற்றுக்கொடுத்திருக்கிறது என்றே சொல்வேன்.

விலங்குகளைப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடலாம். சாதாரண எலியின் செல்களில் எச்.ஐ.வி. நுழைந்து பெருகுவதில்லை. மக்காக் குரங்குகளுக்கு எஸ்.ஐ.வி. என்ற உறவுக்கார வைரஸையோ, இரண்டையும் கலந்து செய்த செயற்கை வைரஸையோதான் செலுத்த வேண்டியிருக்கிறது. தொற்றின் பொதுவான போக்கைப் புரிந்துகொள்ள இவை பெரிதும் உதவியிருக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எதிர்ப்பாற்றலின் நுண்ணிய விவரங்கள் மரபணுக்களைச் சார்ந்தவை. பின்னால் சொல்லப்போகும் வி.ஆர்.சி.01 என்ற புகழ்பெற்ற ஆன்டிபாடி (கிருமியைப் பற்றிக்கொண்டு தடுக்கும் எதிர்ப்புப் புரதம்), மனிதரிடம் உள்ள ஒரு குறிப்பிட்ட ஆன்டிபாடி மரபணுவிலிருந்துதான் உருவாகிறது. அதற்கு நேர் இணையான மரபணு மக்காக் குரங்கிடம் இல்லை. எனவே அந்த ஆன்டிபாடியைத் தூண்டும் தடுப்பூசி வேலை செய்யுமா என்று குரங்கில் நேரடியாகச் சோதித்துப் பார்க்கவே வழியில்லை.

இதற்கு மேல் ஒரு அடிப்படைச் சிக்கலும் உண்டு. பெரியம்மை, தட்டம்மை போன்ற நோய்களில் பெரும்பாலோர் குணமடைகிறார்கள், குணமடைந்தவரை அந்த நோய் மறுபடி அண்டுவதில்லை. தடுப்பூசி செய்பவர் அந்த இயற்கையான எதிர்ப்பை அப்படியே வரவழைத்தால் போதும். எச்.ஐ.வி.யில் அப்படிப் பார்த்துச் செய்ய முன்மாதிரி கிடையாது. வைரஸ் தன் மரபணுவை நம் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிடுவதாலும், எதிர்ப்பு சக்தியை வழிநடத்த வேண்டிய சி.டி.4 டி செல்களையே தன் வீடாக்கிக்கொள்வதாலும், தொற்றியவர் தானாகக் குணமடைவது அரிதிலும் அரிது. ஆகவே ஆய்வாளர்கள் விதிவிலக்கானவர்களைத் தேடிப்போக வேண்டியதாயிற்று. பலமுறை வைரஸை எதிர்கொண்டும் தொற்றாதவர்கள், தொற்றியும் மருந்தின்றி நோய்வாய்ப்படாதவர்கள், அசாதாரணமான ஆன்டிபாடியை உருவாக்கியவர்கள் என்று இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்புகள் ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ சிலர் நீட்டிய கை இருக்கிறது.

ரத்தம் எடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பார்க்காத பகுதி அது. உறையாமல் தடுக்கும் மருந்து தடவிய குழாயில் எடுக்கப்பட்ட ரத்தம், கூடுமானவரை சில மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்துக்கு வந்துசேர வேண்டும். தாமதிக்கத் தாமதிக்க செல்களின் தரம் குறையும். அங்கே ரத்தத்தை நீர்க்கச்செய்து, ஃபிக்கால் என்ற அடர்ந்த திரவத்தின் மேல், இரண்டும் கலந்துவிடாமல், குழாயின் சுவரோரமாக மெல்ல வழியவிடுவார்கள். பிறகு சென்ட்ரிஃபியூஜில் அரைமணி நேரம் போலச் சுழற்றுவார்கள். இயந்திரம் நிற்கும்போது பிரேக் போடக் கூடாது, போட்டால் அடுக்குகள் கலைந்துவிடும். வெளியே எடுத்தால் அடியில் சிவப்பணுக்கள், மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா, நடுவில் பாலின் மேல் படியும் ஆடையைப் போல மெல்லிய வெண்வளையம் தெரியும். டி செல்கள், ஆன்டிபாடியை உருவாக்கும் பி செல்கள், மோனோசைட்டுகள் எல்லாம் அந்த வளையத்தில்தான் இருக்கின்றன. பிப்பெட்டை வட்டமாக நகர்த்தி அதை மட்டும் உறிஞ்சி எடுத்து, கழுவி, எண்ணுவார்கள். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்குப் பத்து இலட்சம் செல்கள் என்ற கணக்கில் கிடைத்தால் திருப்திதான்.

உறையும்போது செல்கள் சிதையாமல் காக்கும் டி.எம்.எஸ்.ஓ. பத்து சதவீதம் கலந்த திரவத்தில் அவற்றைச் சிறு குப்பிகளில் நிரப்பி, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெதுவாகக் குளிரவைத்து, பின் திரவ நைட்ரஜன் தொட்டிக்கு மாற்றுகிறார்கள். குளிர்வது மெதுவாக நடக்க வேண்டும், உருகுவது விரைவாக நடக்க வேண்டும் என்பது பாலபாடம். இப்படிப் பாதுகாக்கப்பட்ட செல்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகு எடுத்தாலும் உயிரோடு எழுந்து வேலை செய்கின்றன. எச்.ஐ.வி.யின் புரதத்தைச் சிறு துண்டுகளாக்கி அவற்றோடு ஓர் இரவு வைத்தால், அந்தத் துண்டை அடையாளம் காணும் டி செல் இன்டர்ஃபெரான் என்ற பொருளைச் சுரக்கும். சுரந்த இடம் தட்டில் ஒரு புள்ளியாக விழும். புள்ளிகளை எண்ணினால் வைரஸை அறிந்த டி செல்கள் எத்தனை என்று தெரிந்துவிடும். பிளாஸ்மாவில் உள்ள ஆன்டிபாடிகளைச் சோதிக்க வேறு வழி. வைரஸ் நுழைந்தால் ஒளிரும்படி மாற்றியமைக்கப்பட்ட செல்களின் மேல், பிளாஸ்மாவோடு கலந்த போலி வைரஸை ஊற்றிப் பார்ப்பார்கள். ஒளி எந்த அளவுக்குக் குறைகிறதோ அந்த அளவுக்கு ஆன்டிபாடி வைரஸைத் தடுத்திருக்கிறது என்று பொருள்.

சேமித்து வைப்பதன் மதிப்பு இந்த நோயின் வரலாற்றின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவில் 1978 முதல் 1980 வரை ஹெபடைடிஸ் பி ஆய்வுக்காக ஏறக்குறைய 6,700 ஆண்களிடம் ரத்தம் எடுத்தார்கள். அப்போது எய்ட்ஸ் என்ற பெயரே பிறக்கவில்லை. 1983இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டு, அதற்கான ஆன்டிபாடிப் பரிசோதனையும் வந்த பிறகு, உறைநிலையில் கிடந்த அந்தப் பழைய மாதிரிகளைச் சோதித்தபோது யாருக்கு எப்போது தொற்று ஏற்பட்டது என்று பின்னோக்கிக் கணக்கிட முடிந்தது. தொற்றுக்கும் நோய்க்கும் இடையில் பல ஆண்டுகள் கழிகின்றன என்ற உண்மை தெளிவானதில் அந்த மாதிரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

1984இல் பால்டிமோர், சிகாகோ, பிட்ஸ்பர்க், லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய இடங்களில் தொடங்கிய மேக்ஸ் ஆய்வு இதையே திட்டமிட்டுச் செய்தது. ஓரின ஈர்ப்புள்ள ஆண்களும் இருபால் ஈர்ப்புள்ள ஆண்களும் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து ரத்தம் கொடுத்தார்கள். சிகிச்சை எதுவும் கையில் இல்லாத காலம் அது. தங்கள் நண்பர்கள் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கும்போதும் அவர்கள் வந்தார்கள். வைரஸின் அளவை நேரடியாக அளக்கும் முறை பத்தாண்டுகள் கழித்தே கைவசமானது. ஜான் மெல்லர்ஸ் தலைமையிலான குழு, 1980களில் எடுத்து வைத்திருந்த பிளாஸ்மாவில் அந்த அளவை அளந்து, தொடக்கத்தில் வைரஸ் எவ்வளவு இருந்ததோ அதற்கேற்பவே பின்னாளில் நோய் வேகமெடுத்தது என்று 1996இல் காட்டியது. இன்று எச்.ஐ.வி. சிகிச்சை பெறும் ஒவ்வொருவருக்கும் எடுக்கப்படும் வைரல் லோட் பரிசோதனையின் அடிப்படை அந்தக் குழாய்களில்தான் போடப்பட்டது. என்ன கேள்வி கேட்கப்போகிறோம் என்று எடுக்கும்போது எவருக்கும் தெரியாது. ஆனாலும் எடுத்து வைத்தார்கள்.

அதே 1996இல், பலமுறை வைரஸை எதிர்கொண்டும் தொற்றாத இரண்டு ஆண்களின் செல்கள் நியூயார்க்கில் ஆராயப்பட்டன. ஆய்வுக்கூடத்தில் எவ்வளவு வைரஸைக் கொட்டினாலும் அந்தச் செல்களுக்குள் அது நுழையவில்லை. வைரஸ் உள்ளே வரப் பயன்படுத்தும் சி.சி.ஆர்.5 என்ற வாசலுக்கான மரபணுவில், பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்த பிரதிகளில் 32 எழுத்துகள் விடுபட்டிருந்தன. அது தற்செயலா இல்லையா என்பதை உறுதிசெய்யப் பெரிய எண்ணிக்கை தேவைப்பட்டது. மைக்கேல் டீன் குழுவினர், பல தொடர் ஆய்வுகளில் சேமிக்கப்பட்டிருந்த மாதிரிகளைச் சோதித்தபோது, தொற்றுள்ள 1,343 பேரில் ஒருவரிடம்கூட இந்த இரட்டைக் குறைபாடு இல்லை. தொற்றை எதிர்கொண்டும் தப்பிய 612 பேரில் 17 பேரிடம் இருந்தது. அந்த வாசலை அடைக்கும் மராவிராக் என்ற மருந்து 2007இல் அனுமதி பெற்றது. இதே குறைபாடுள்ள ஒருவரின் ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களைப் பெற்றதால்தான் ‘பெர்லின் நோயாளி’ என்று அறியப்பட்ட திமோதி ரே பிரவுன் எச்.ஐ.வி.யிலிருந்து முதன்முதலாக விடுபட்டார். இந்தக் குறைபாடு வட ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்கு ஒருவரிடம் இரட்டையாக இருக்கிறது, நம்மிடையே மிக அரிது. அதனால்தான் ஒரு நாட்டின் தன்னார்வலர்களை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்கிறோம்.

நைரோபியின் மஜெங்கோ பகுதியில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் கிடைத்த விடை இவ்வளவு நேரானதாக இல்லை. நைரோபி பல்கலைக்கழகமும் கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகமும் 1980களின் நடுவில் தொடங்கிய ஆய்வில், ஆண்டுக்கணக்கில் தொற்றாமலே இருந்த ஒரு சிறு குழுவினரை ஃபிராங்க் பிளம்மரும் அவருடைய சகாக்களும் கவனித்தார்கள். அவர்களிடம் வாசல் குறைபாடு இல்லை. சிலரிடம் எச்.ஐ.வி.யை அடையாளம் காணும் டி செல்கள் இருந்தன. பிறகு நடந்ததுதான் வியப்பு. இவர்களில் சிலர் தொழிலைக் குறைத்துக்கொண்டோ, சில காலம் விட்டுவிட்டோ மீண்டும் வந்தபோது தொற்றுக்கு ஆளானார்கள். இடைவிடாத எதிர்கொள்ளலே அந்த எதிர்ப்பைத் தக்கவைத்திருந்ததோ என்ற எண்ணம் இதிலிருந்து எழுந்தது. இதை அடிப்படையாகக் கொண்டு ஆக்ஸ்ஃபோர்டு–நைரோபி குழு உருவாக்கிய தடுப்பூசி எதிர்பார்த்த அளவு டி செல்களைத் தூண்டவில்லை. ஒரே ஒருமுறை ரத்தம் எடுத்து, “இவர்கள் எதிர்ப்பாற்றல் பெற்றவர்கள்” என்று எழுதி ஆய்வை முடித்திருந்தால், அந்த எதிர்ப்பு நிலையானதல்ல என்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

தொற்றியும் மருந்தின்றி வைரஸை அளக்க முடியாத நிலைக்கு அடக்கிவைப்பவர்கள் தொற்றுள்ளவர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. எந்த ஒரு மருத்துவமனையிலும் ஆய்வுக்குப் போதுமான அளவில் அவர்கள் கிடைக்க மாட்டார்கள். பாஸ்டனில் புரூஸ் வாக்கர் இதற்காகவே உலகெங்குமிருந்து மாதிரிகளைத் திரட்டினார். 2010இல் வெளியான முடிவில், கட்டுப்படுத்துபவர்கள் 974 பேரும் கட்டுப்படுத்த இயலாதவர்கள் 2,648 பேரும் மரபணு அளவில் ஒப்பிடப்பட்டார்கள். வேறுபாடு வந்து நின்ற இடம் எச்.எல்.ஏ. என்ற பகுதி, அதிலும் வைரஸ் துண்டை ஏந்தி டி செல்லுக்குக் காட்டும் பள்ளத்தில் உள்ள சில அமினோ அமிலங்கள். மருந்தின்றிக் கட்டுப்படுத்துவதில் டி செல்களுக்கு நேரடிப் பங்கு உண்டு என்பதற்கு மனிதரிடமிருந்து கிடைத்த வலுவான சான்று இது. அண்மைக் காலத்தில், இத்தகைய ஒரு பெண்ணிடம் 150 கோடி ரத்தச் செல்களை அலசியும் முழுமையான வைரஸ் மரபணு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று 2020இல் செய்தி வந்தது. அத்தனை செல்களைச் சாதாரணமாகக் குழாயில் எடுத்துவிட முடியாது. ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் வெள்ளணுக்களை மட்டும் பிரித்து, மீதியை மறு கையில் திருப்பிச் செலுத்தும் லுக்காஃபெரெசிஸ் முறையில் இரண்டு மூன்று மணி நேரம் படுத்திருக்க வேண்டும். உறையாமைக்குச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உதடும் விரல் நுனியும் குறுகுறுக்கும்.

எல்லாவற்றையும்விடக் கடினம் தொற்றின் முதல் நாட்களைப் பிடிப்பது. தொற்றியவருக்கே அது தெரியாது. தெரிந்து மருத்துவமனைக்கு வரும்போது வைரஸ் உச்சத்தைத் தொட்டு இறங்கியிருக்கும். இதற்கு ஒரே வழி, தொற்று வாய்ப்பு அதிகமுள்ள, ஆனால் இன்னும் தொற்றாதவர்களை வாரம் இருமுறை சோதித்துக்கொண்டே இருப்பதுதான். கென்யா, உகாண்டா, தான்சானியா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் 2009 முதல் 2015 வரை நடந்த ஆர்.வி.217 ஆய்வில் 2,276 பேர் இப்படிச் சேர்ந்தார்கள். அவர்களில் 112 பேரின் தொற்று தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டது. வைரஸ் முதலில் தென்பட்டதிலிருந்து ஏறக்குறைய 13ஆம் நாளில் ஒரு மில்லிலிட்டருக்கு 50 இலட்சம் பிரதிகள் என்ற உச்சத்தைத் தொட்டு, 31ஆம் நாள் வாக்கில் 20,000 அளவுக்கு இறங்கி, கிட்டத்தட்ட அங்கேயே நிலைகொள்கிறது என்று தெரிந்தது. ஆக, பின்னர் வரும் ஆண்டுகளின் போக்கு பெருமளவுக்கு முதல் மாதத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய உம்லாசியில் 2012இல் தொடங்கிய ஃபிரெஷ் ஆய்வு இதைவிட ஒருபடி மேலே சென்றது. தும்பி என்டுங்கு முதலானோர் நடத்தும் அதில் 18 முதல் 23 வயது வரையிலான, தொற்றில்லாத பெண்கள் வாரம் இருமுறை வந்து விரல் நுனியில் ஊசிக் குத்தில் சில துளி ரத்தம் கொடுக்கிறார்கள். வெறும் ரத்தத்துக்காக ஒரு பெண்ணை வாரம் இருமுறை வரச்சொல்வது நியாயமாகாது என்பதால், வரும் நாட்களிலேயே வாழ்க்கைத் திறன், கணினி, வேலை தேடுவதற்கான பயிற்சி ஆகியவையும் நடக்கின்றன. தொற்றைத் தவிர்க்கும் ஆலோசனையும் உண்டு. தொற்று தெரிந்தவுடன், 2014 முதல், உடனடியாகச் சிகிச்சையும் தொடங்கப்படுகிறது. முதல் நாட்களில், தொற்றிய செல்களைக் கொல்லும் சி.டி.8 டி செல்கள் எழும் வேகம் அதுவரை எவரும் எண்ணியிராத அளவுக்குப் பெரியது என்றும், அவற்றில் பெரும்பகுதி எச்.ஐ.வி.யையே குறிவைத்தவை என்றும், ஆனால் வைரஸ் அடங்காவிட்டால் அவை விரைவில் களைத்து மடிகின்றன என்றும் இந்தப் பெண்களின் மாதிரிகளிலிருந்துதான் தெரிந்தது. உடனே சிகிச்சை பெற்றவர்களிடம் டி செல்களின் திறன் காக்கப்பட்டது. என் பார்வையில், பங்கேற்பவருக்கு ஆய்வு என்ன திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதற்கு இந்த ஆய்வைப் போல நல்ல எடுத்துக்காட்டு குறைவு.

இனி ஆன்டிபாடிகளைப் பற்றிச் சொல்கிறேன். தொற்றிய எல்லாருக்கும் ஆன்டிபாடி உருவாகிறது, ஆனால் வைரஸ் தன் மேலுறையை மாற்றி மாற்றி அதிலிருந்து நழுவிவிடுகிறது. சில ஆண்டுகள் கழிந்த பின், ஒரு சிறு பங்கினரிடம் மட்டும், உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த வைரஸ் வகைகளையும் ஒருசேரத் தடுக்கும் ஆன்டிபாடிகள் தோன்றுகின்றன. அவர்களைத் தேடி ‘புரோட்டோகால் ஜி’ என்ற திட்டத்தில் ஆப்பிரிக்கா, ஆசியா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா எங்கிலுமிருந்து ஏறக்குறைய 1,800 பேரின் ரத்தத்தைச் சர்வதேச எய்ட்ஸ் தடுப்பூசி முன்முயற்சி அமைப்பு திரட்டியது. ஆப்பிரிக்கத் தன்னார்வலர் ஒருவரின் சுமார் 30,000 பி செல்களைத் தனித்தனியே வளர்த்துச் சோதித்ததில் பி.ஜி.9, பி.ஜி.16 என்ற இரண்டு ஆன்டிபாடிகள் 2009இல் கிடைத்தன. மறு ஆண்டே அமெரிக்காவின் தடுப்பூசி ஆய்வு மையம் வி.ஆர்.சி.01ஐ அறிவித்தது. வைரஸின் மேலுறைப் புரதத்தில் ஒரே ஒரு இடத்தை மட்டும் விட்டுவைத்துவிட்டு மற்ற இடங்களை மாற்றியமைத்த ஒரு தூண்டில் செய்து, ஒருவரின் இரண்டரைக் கோடி ரத்தச் செல்களுக்குள் அதை விட்டபோது, சிக்கியவை வெறும் 29 பி செல்கள். அவற்றிலிருந்து வந்த அந்த ஆன்டிபாடி, சோதித்த 190 வைரஸ் வகைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தடுத்தது.

இவ்வளவு வலிமையான ஆன்டிபாடி எப்படி உருவாகிறது என்பதற்கு இந்த மாதிரிகள் விடை தரவில்லை, ஏனென்றால் அவை பயணம் முடிந்த பிறகு எடுக்கப்பட்டவை. வழியைக் காட்டியவர் டர்பனின் காப்ரிசா ஆய்வில் சி.ஏ.பி.256 என்ற எண்ணால் மட்டுமே உலகுக்குத் தெரிந்த ஒரு பெண். தொற்றின் தொடக்கத்திலிருந்தே அவரைப் பின்தொடர்ந்தார்கள். சுமார் 15 வாரங்களில் இன்னொரு எச்.ஐ.வி. வகையும் அவரைத் தொற்றியது. பிறகு 30 முதல் 38 வாரங்களுக்குள் ஒரு புதிய ஆன்டிபாடிக் குடும்பத்தின் மூதாதை தோன்றியது. வைரஸ் அதிலிருந்து தப்ப மாற, மாறிய வைரஸைப் பிடிக்க ஆன்டிபாடியும் மாற, ஓராண்டுக்கும் மேலான இந்தப் போட்டியில் அது பல வகைகளையும் தடுக்கும் ஆற்றலைப் பெற்றது. லின் மாரிஸ், பென்னி மூர் ஆகியோரும் அமெரிக்கச் சகாக்களும் ஒவ்வொரு கட்டத்து மாதிரியிலும் வைரஸின் மரபணுவையும் ஆன்டிபாடியின் மரபணுவையும் அருகருகே வைத்துப் படித்து, எந்த மாற்றம் எதைத் தூண்டியது என்று 2014இல் எழுதினார்கள். அந்த ஆன்டிபாடியின் மேம்படுத்திய வடிவம் தென்னாப்பிரிக்கப் பெண்களிடம் தடுப்பு மருந்தாகச் சோதிக்கப்பட்டது. கொடுத்த பெண்ணுக்கோ அதனால் நேரடிப் பயன் இல்லை. அவர் உடலில் இருந்த வைரஸ் எப்போதோ அதற்குத் தப்பியிருந்தது.

தடுப்பூசிப் பரிசோதனைகளில் சேருபவர்களின் மாதிரிகள் தனி வகை. தாய்லாந்தில் 16,402 பேர் பங்கேற்ற ஆர்.வி.144 பரிசோதனை 2009இல் 31 சதவீதப் பாதுகாப்பைக் காட்டியது. தடுப்பூசி போட்டும் தொற்றிய 41 பேரின் ரத்தத்தையும் தொற்றாத 205 பேரின் ரத்தத்தையும் ஒப்பிட்டபோது, மேலுறையின் வி1வி2 என்ற பகுதியை நோக்கிய ஆன்டிபாடி கூடியிருந்தவர்களுக்குத் தொற்று குறைந்திருந்தது. இந்தத் தடயத்தை நம்பித் தென்னாப்பிரிக்காவில் நடத்திய பெரிய பரிசோதனை பயனில்லை என்று 2020இல் நிறுத்தப்பட்டது. மாதிரி காட்டும் தொடர்பு வேறு, காரணம் வேறு என்பதை அந்தத் தோல்வி விலை கொடுத்துக் கற்றுத்தந்தது. மறுபுறம், வி.ஆர்.சி.01 போன்ற ஆன்டிபாடியின் மூதாதைப் பி செல்களைத் தட்டியெழுப்ப வடிவமைத்த தடுப்பூசியை அமெரிக்காவில் தொற்றில்லாத 48 பேரை வைத்துச் சோதித்தார்கள். உண்மையான ஊசி பெற்ற 36 பேரில் 35 பேரிடம் அந்தச் செல்கள் எழுந்தன. இது முதல் படி மட்டுமே, பாதுகாப்பு அல்ல. ஆனால் பல இலட்சம் செல்களில் ஒன்றாக ஒளிந்திருக்கும் ஒரு செல்லைக் குறிவைத்து எழுப்ப முடியும் என்று மனிதரிடம் காட்டப்பட்டது அப்போதுதான்.

ரத்தத்துக்கு ஒரு வரம்பு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். டி செல்களும் பி செல்களும் அடங்கிய லிம்போசைட்டுகளில் ரத்தத்தில் ஓடுவது இரண்டு சதவீதம் போலத்தான். மீதி குடல் சுவரிலும் நிணநீர்க் கணுக்களிலும் பிற திசுக்களிலும் இருக்கின்றன, வைரஸும் அங்கேதான் தங்குகிறது. அதனால் சில ஆய்வுகளில் ஊசியால் நிணநீர்க் கணுவிலிருந்து சிறிது உறிஞ்சவோ, குடலிலிருந்து சிறு துணுக்கு எடுக்கவோ தனியாக ஒப்புதல் கேட்பார்கள். மறுக்கலாம், மறுத்தாலும் மற்ற பகுதிகளில் தொடரலாம். சான் டியேகோவில் 2017 முதல் நடக்கும் ‘கடைசிக் கொடை’ ஆய்வில், வேறு நோயால் இறுதிக் கட்டத்தில் இருக்கும் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள், உயிரோடு இருக்கும்போது ரத்தமும், இறந்த ஆறு மணி நேரத்துக்குள் உடல் திசுக்களும் எடுக்க எழுதிக்கொடுக்கிறார்கள்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986இல் சென்னையில். சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் செல்லப்பன் நிர்மலா எடுத்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டன. அந்த மாதிரிகளைக் கொடுத்தவர்கள் அரசு இல்லத்தில் அடைத்துவைக்கப்பட்டிருந்த பெண்கள். இன்றைய பொருளில் அவர்களைத் தன்னார்வலர்கள் என்று சொல்ல முடியாது. அந்தக் கண்டுபிடிப்பின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை, அன்று நடைமுறை அப்படி இருந்தது. 2006இல் அதே சென்னையில், அப்போது காசநோய் ஆராய்ச்சி மையம் என்று அழைக்கப்பட்ட நிறுவனத்தில் எச்.ஐ.வி. தடுப்பூசி ஒன்று 32 தன்னார்வலர்களிடம் சோதிக்கப்பட்டபோது, விளக்கம், கையெழுத்து, நெறிமுறைக் குழு எல்லாம் வந்துவிட்டன. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், தொற்றுள்ளவரை அவருடைய ஒப்புதல் இன்றி ஆராய்ச்சிக்கு உட்படுத்தக் கூடாது என்றும், அவர் நிலையை வெளியிடக் கூடாது என்றும் சொல்கிறது. நம் நாட்டிலும் தென்னாப்பிரிக்காவிலும் பரவியிருப்பது பெரும்பாலும் சி வகை வைரஸ். மேக்ஸ் ஆய்வின் காலத்து அமெரிக்காவிலோ பி வகை. ஆகவே நம்மவர் மாதிரிகள் இல்லாமல் நமக்குப் பொருந்தும் விடை வராது.

இன்று ஒரு புதிய நெருக்கடி இருக்கிறது, அது நல்ல காரணத்தால் வந்தது. தொற்று தெரிந்த அனைவருக்கும் உடனே சிகிச்சை தர வேண்டும் என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த பிறகு, சிகிச்சையின்றி ஆண்டுக்கணக்கில் ஒருவரைப் பின்தொடர்வது அறமாகாது. எனவே மேக்ஸ், காப்ரிசா போன்ற ஆய்வுகளின் பழைய குப்பிகளில் இருப்பதை இனி எவரும் புதிதாகச் சேகரிக்கவே முடியாது. நைட்ரஜன் தொட்டி நிரப்பப் பணம் இல்லை என்று அவற்றை இழந்தால் இழந்ததுதான். 2025இல் அமெரிக்க அரசு இத்துறைக்கான நிதியைக் குறைத்தபோது, தென்னாப்பிரிக்காவில் தடுப்பூசிப் பரிசோதனைக்குத் தயாராக இருந்த குழுக்கள் பாதியில் நின்றன என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக உங்கள் நான்காவது கேள்வி. தொற்றில்லாதவரின் ரத்தம் கட்டாயம் பயன்படுகிறது. எந்தப் பரிசோதனையிலும் தொற்றுள்ளவரின் அளவு இயல்புக்கு மாறானதா என்று சொல்ல இயல்பு எது என்று தெரிய வேண்டும். மூதாதைப் பி செல்கள் எத்தனை பேரிடம் எவ்வளவு இருக்கின்றன என்பது தொற்றில்லாதவர்களின் ரத்தத்தில்தான் எண்ணப்பட்டது. கொடுப்பதற்கு முன் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாதிரியை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், மரபணுச் சோதனை செய்வார்களா, வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா, பாதியில் விலகினால் மீதமுள்ள மாதிரியை அழிப்பார்களா, உங்கள் பெயரையும் மாதிரி எண்ணையும் இணைக்கும் பட்டியல் யாரிடம் இருக்கும் என்பவை அவை. வெறும் ரத்தம் கொடுப்பதால் எச்.ஐ.வி. வர வழியே இல்லை. தடுப்பூசிப் பரிசோதனையில் சேர்ந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அந்த ஊசியில் உயிருள்ள எச்.ஐ.வி. இருக்காது, ஆனால் அது தூண்டும் ஆன்டிபாடியால், தொற்றே இல்லாவிட்டாலும், வழக்கமான எச்.ஐ.வி. பரிசோதனையில் உங்களுக்குத் தொற்று இருப்பதாக முடிவு வரக்கூடும். வேலைக்கான மருத்துவப் பரிசோதனையிலோ, காப்பீட்டுக்கோ, மகப்பேற்றின்போதோ இது பெரிய குழப்பத்தை உண்டாக்கும். ஆகவே பரிசோதனை முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் வைரஸை நேரடியாகத் தேடும் சோதனையை அந்த மையம் இலவசமாகச் செய்துதருமா என்று சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பங்கேற்றதற்கான அட்டையையும் பத்திரமாக வைத்திருங்கள்.